செவ்வாய்க்கிழமைப் பக்கம்

செவ்வாய்க்கிழமைப் பக்கம் காலியாக இருந்தது.

யோசியா பலிகோவா கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார். திங்கட்கிழமை இருந்தது. ‘மாலையில் உடம்பு வலி. மேகம் உண்டு, மழை இல்லை. பக்கத்து வீட்டு வாத்து மறுபடியும் நம் வாசலில்.’ புதன்கிழமை தன் முறைக்காகக் காத்திருந்தது. இரண்டுக்கும் நடுவில் வெள்ளை வெளேரென்று ஒரு பக்கம், பல் விழுந்த இடம் மாதிரி.

எழுதப் பழகிய நாளிலிருந்து அவர் ஒரு நாளைக்கூட விட்டதில்லை. கல்யாணத்தன்று எழுதினார்: ‘நங்கோபி அழகாக இருந்தாள். சாதம் குழைந்துவிட்டது.’ மூத்தவன் ஃபீலிக்ஸ் பிறந்தபோது ஆஸ்பத்திரிச் சுவரில் டைரியை வைத்து நின்றுகொண்டே எழுதினார். தலைநகரில் அரசாங்கம் கவிழ்ந்து, கமுலிச் சாலை முழுக்க ராணுவ லாரிகள் ஓடிய அன்றும் எழுதினார்: ‘காலையில் தூறல். கடையில் உப்பு இல்லை. சிவப்புக் கோழி முட்டையிட்டது.’

பருத்தி ஆலையில் எடை பார்க்கும் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்ற மனிதர். ஆலையை மூடிவிட்டார்கள். டைரியை அவர் மூடவில்லை. எழுதி முடித்தவையெல்லாம் கட்டிலுக்கடியில் ஒரு தகரப் பெட்டியில் கிடந்தன. யாரையும் அவர் தொட விட்டதில்லை. உண்மையைச் சொன்னால், யாரும் கேட்டதும் இல்லை. “கரையானுக்கு விருந்து வைக்கிறீங்க” என்பதுதான் அந்தப் பெட்டியைப் பற்றி நங்கோபி வாழ்நாள் முழுவதும் சொல்லிவந்த ஒரே கருத்து.

“நங்கோபி! நேத்து என்ன கிழமை?”

“செவ்வாய்,” என்று பின்புறச் சமையல் குடிசையிலிருந்து பதில் வந்தது.

“நான் எங்கே இருந்தேன்?”

“கட்டில்ல. மலேரியா. நர்ஸம்மா வந்து ஊசி போட்டாங்க. நீங்க பொழுதன்னிக்கும் தூங்கினீங்க, ஃபீலிக்ஸ் அப்பா. நடுவுல கஞ்சி குடிச்சீங்க, அதுகூட ஞாபகம் இல்லியா?”

பலிகோவா டைரியோடு குடிசை வாசலில் போய் நின்றார். கால் இன்னும் நூல் மாதிரி ஆடியது.

“செவ்வாய்க்கிழமை காலியா இருக்கு.”

“அதுக்கென்ன? ‘தூங்கினேன்’னு ஒரு வார்த்தை எழுதிட்டா முடிஞ்சுபோச்சு.”

“தூங்கினது நான். தெரு தூங்கலையே? யார் எங்கே போனாங்க, யார் வந்தாங்க, மழை உண்டா, இல்லையா? சொல்லு. நேத்து தெருவுல என்ன நடந்தது?”

நங்கோபி கையிலிருந்த மரவள்ளிக்கிழங்கு நழுவிச் சாம்பலில் விழுந்தது.

“ஒண்ணும் நடக்கலை.”

“ஒண்ணுமே நடக்காத நாள்னு உலகத்துல கிடையாது.”

“நான் பார்க்கலை. உங்க பக்கத்துலயேதான் இருந்தேன்.”

“கண்ணு ஏன் இப்படிச் சிவந்திருக்கு?”

“புகை.”

பலிகோவா அடுப்பைப் பார்த்தார். அதை இன்னும் பற்ற வைக்கவே இல்லை.

கம்பளிச் சட்டையை மாட்டிக்கொண்டார், பென்சிலை எடுத்துக் காதில் செருகினார், டைரியைக் கக்கத்தில் இடுக்கினார், கைத்தடியை ஊன்றினார். இத்தனை வருஷம் விடாத ஒன்றை ஒரு கொசுவுக்காக விடுவதாக அவருக்கு உத்தேசமில்லை.

“எங்கே போறீங்க? ஐயோ, படுங்க! யாரையும் எதுவும் கேக்காதீங்க!” என்று நங்கோபி பின்னாலேயே ஓடி வந்தாள். அவள் ‘போகாதீங்க’ என்று சொல்லாமல் ‘கேக்காதீங்க’ என்று ஏன் சொன்னாள் என்பது அவருக்கு அப்போது உறைக்கவில்லை.

வாசல் கால்வாயின் மேல் கிடந்த உளுத்துப்போன பலகையைத் தாண்டி, தெருமுனை மாமரத்தடிக்கு வந்தார். அங்கே முகெம்போ வட்டக் கல்லில் சப்பாத்தி போட்டுக்கொண்டிருந்தான். முட்டையைச் சப்பாத்தியில் சுருட்டித் தருவதில் அந்த ஊரில் அவனை மிஞ்ச ஆளில்லை. பெரியவரைப் பார்த்ததும் கையிலிருந்த மாவு உருண்டையைக் கீழே போட்டான்.

“முஸே! எழுந்துட்டீங்களா? முஸே எழுந்துட்டாரு!”

பெரியவர்களை மரியாதையாக ‘முஸே’ என்று அழைப்பது அந்த ஊர் வழக்கம்தான்; ஆனால் பக்கத்தில் நிற்பவரை வரவேற்க அவ்வளவு சத்தம் தேவையில்லை. எதிர்ச்சாரியில் நாமுகோசேயின் தையல் மிஷின் அந்த நிமிஷமே கடகடவென்று ஓடத் தொடங்கியது.

“உக்காருங்க முஸே. இந்தாங்க, சூடா ஒண்ணு. உப்பு கம்மியா போட்டிருக்கேன். இனிமே உங்களுக்கு எப்பவும் கம்மிதான்.”

பலிகோவா வியந்தார். அவனுடைய சப்பாத்தி உப்புக் கரிப்பு என்பது அவர் பல வருஷமாக மனசுக்குள் வைத்துப் புழுங்கிய விஷயம். பையன் மனசு நோகுமென்று வாய் திறந்ததே இல்லை.

“உப்பு அதிகம்னு உனக்கு யார் சொன்னது?”

“மூஞ்சியைப் பார்த்தாலே தெரியாதா, முஸே?”

“இத்தனை வருஷமா தெரியலையே?”

“நீங்க... வெளிச்சத்துல நின்னது இல்ல.”

இது பதிலே இல்லை. ஆனாலும் வந்த காரியம் வேறு. பலிகோவா டைரியை விரித்தார்.

“நேத்து நான் படுத்துட்டேன். செவ்வாய்க்கிழமை காலியா நிக்குது. நீ நேத்து என்ன பண்ணே, சொல்லு.”

முகெம்போவின் முகத்தில், அவன் சுட்ட சப்பாத்தியில் இருப்பதைவிட அதிகமாக வியர்வைப் புள்ளிகள் தோன்றின.

“நேத்தா? நேத்து... கமுலிக்குப் போனேன். மாவு வாங்க.”

“எதுல போனே?”

“பைக் டாக்சியில.”

“எப்போ திரும்பினே?”

“பொழுது சாஞ்சு.”

பலிகோவா மனத்திருப்தியோடு எழுதினார். ‘முகெம்போ மாவு வாங்கக் கமுலிக்குப் போனான்.’ ஒரு வரி வந்துவிட்டது. ஒரு வரி வந்துவிட்டால் நாள் பிடிபட்டுவிடும். கடைசிச் சொல்லுக்குப் புள்ளி வைப்பதற்குள், பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

“எந்தக் கமுலிக்கு?”

முகெம்போவின் மனைவி முடேசி. அவரைக்காய்க் கூடையைத் தலையிலிருந்து இறக்கி, இடுப்பில் வைத்துக்கொண்டாள். தெருக் கவுன்சிலில் பெண்கள் பிரதிநிதி அவள். கேள்வி கேட்பதில் பழக்கம் உண்டு.

“நேத்து காலையிலேர்ந்து கமுலிச் சந்தையில உக்காந்து அவரை வித்தது நான். மாவுக்கடை என் கூடைக்கு நேர் எதிர்ல. நீ எந்த வாசல் வழியா உள்ளே போனே? கூரையைப் பிரிச்சா?”

“சந்தைக்கா? நான்... போகணும்னு கிளம்பினேன். போகலை. இங்கேதான் சப்பாத்தி போட்டுட்டிருந்தேன்.”

“அடுப்புல முந்தாநாள் நான் அடுக்கி வெச்ச கரி அப்படியே இருந்தது. இன்னிக்குக் காலையில நான்தான் பத்த வெச்சேன்.”

பலிகோவா எழுதிய வரியைப் பார்த்தார். பொய்யை எழுதிவிட்டோம் என்ற திகில் அவரைப் பிடித்துக்கொண்டது. அவசரமாக அடித்தார். டைரியில் முதல் அடித்தல்!

“பரவாயில்லை, சண்டை வேண்டாம்,” என்றார். “எதிர்ல நாமுகோசே பார்த்திருப்பா. நான் போய்க் கேட்டுட்டு வந்துடறேன்.”

“வேண்டாம் முஸே!” என்று முகெம்போ அலறினான்.

“நானும் வரேன்,” என்றாள் முடேசி.

நாமுகோசே தலை நிமிராமல் மிஷினை மிதித்துக்கொண்டிருந்தாள். சக்கரம் சுழன்றது, ஊசி ஏறி இறங்கியது. ஊசிக்குக் கீழே துணி மட்டும் இல்லை.

“என்னம்மா தைக்கிறே?” என்றார் பலிகோவா.

நாமுகோசே குனிந்து பார்த்தாள். “எண்ணெய் விட்டேன். ஓடவிட்டுப் பார்க்கிறேன். முஸே, அந்தக் கறுப்புப் பேன்ட்டைக் கொண்டுவந்து குடுங்க. ஃபீலிக்ஸ் கல்யாணத்துக்குத் தைச்சது. இடது கால் கொஞ்சம் நீளமாப் போச்சு இல்ல? சரி பண்ணித் தரேன். காசு வேண்டாம்.”

பலிகோவா குனிந்து தன் இடது காலைப் பார்த்தார். அந்தப் பேன்ட்டைப் போட்டுக்கொண்டு மகன் கல்யாணம் முழுக்க அவர் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது யாருக்கும் தெரியாது. பெண் வீட்டார் அவருக்கு இடுப்பு வலி என்று நினைத்துத் தைலம் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

“அதெல்லாம் இருக்கட்டும். நேத்து நீ என்ன பண்ணே?”

“இதோ, இங்கேயே உக்காந்து தைச்சிட்டிருந்தேன். நாள் முழுக்க.”

“அப்ப எதிர்ல முகெம்போவைப் பார்த்தியா?”

நாமுகோசே தெருவுக்கு அந்தப் பக்கம் பார்த்தாள். முகெம்போ, தன் மனைவியின் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு, இரண்டு கையாலும் மாவு தேய்ப்பதுபோல் காற்றில் தேய்த்துக் காட்டினான்.

“பார்த்தேனே,” என்றாள் நாமுகோசே. “துணி துவைச்சிட்டிருந்தாரு.”

முகெம்போ கண்ணை மூடிக்கொண்டான்.

“என் புருஷன் துணி துவைச்சாரா?” முடேசி கூடையைக் கீழே வைத்தாள். அவள் கூடையைக் கீழே வைத்தால் விஷயம் பெரியது என்று அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். “கல்யாணமாகி இத்தனை வருஷத்துல ஒரு கைக்குட்டை துவைச்சதில்லை. சரி. நான் ஒண்ணு சொல்றேன் கேளுங்க. நேத்து சந்தையிலேர்ந்து திரும்பி வந்தேன். அவன் கடை மூடியிருந்தது. உன் கடையும் மூடியிருந்தது. ரெண்டும்! ரெண்டு பேரும் எங்கே இருந்தீங்க?”

“ஐயோ அக்கா, நீங்க நினைக்கிற மாதிரி இல்லை!”

“நான் என்ன நினைக்கிறேன்னு உனக்கு எப்படித் தெரியும்?”

பலிகோவா பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார். காலையில் எழுந்து ஒரு பக்கத்தை நிரப்பலாம் என்று புறப்பட்டவர், தெருவில் ஒரு குடும்பத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார். இதை இப்படியே விடக்கூடாது. உண்மை தெரிந்தால் எல்லாம் அடங்கிவிடும். டைரிக்கும் அதுதான் வேண்டும், முடேசிக்கும் அதுதான் வேண்டும்.

“சேர்மனைக் கூப்பிடலாம்,” என்றார்.

கூப்பிட வேண்டிய அவசியம் இருக்கவில்லை. சத்தம் கேட்டுத் தெருக் கவுன்சில் சேர்மன் இகாகா தானே வந்துகொண்டிருந்தார். கனத்த உடம்பு, தோளில் ஒரு துண்டு, எந்தத் தகராறையும் ஒரு அறிவிப்பால் தீர்த்துவிடலாம் என்ற நம்பிக்கை.

“என்ன சத்தம்? முஸே, நீங்க ஏன் எழுந்து வந்தீங்க? ஒரு விஷயம், என் சேவலை வித்துட்டேன்.”

“சேவலையா? ஏன்?”

“கண்ட நேரத்துல கூவி உங்க தூக்கத்தைக் கெடுத்ததே! இனிமே நிம்மதியாத் தூங்குங்க.”

அந்தக் கடைசி வாக்கியத்தைப் பலிகோவா மனசில் குறித்துக்கொண்டார். ஆனால் முடேசி யோசிக்க நேரம் கொடுக்கவில்லை.

“சேர்மன், நேத்து இவங்க ரெண்டு பேரும் கடையை மூடிட்டு எங்கே இருந்தாங்க?”

இகாகா முகெம்போவைப் பார்த்தார். நாமுகோசேயைப் பார்த்தார். பிறகு பொறுப்பை ஏற்றுக்கொள்ளும் தலைவனைப்போல் தொண்டையைச் செருமினார்.

“என் வீட்டுல இருந்தாங்க. கூட்டம்.”

“அப்பாடா!” என்றார் பலிகோவா. பென்சில் தயாரானது. “என்ன கூட்டம், சேர்மன்?”

“தெரு முன்னேற்றக் கூட்டம்.”

“என்ன முடிவாச்சு?”

இகாகாவின் பார்வை உதவி தேடித் தெரு முழுக்க அலைந்து, பலிகோவாவின் வீட்டு வாசலில் கிடந்த உளுத்த பலகையில் போய் நின்றது. அதை மாற்றித் தருவதாக ஒவ்வொரு தேர்தலிலும் அவர் சொல்லிவந்தார்.

“முஸே வீட்டு வாசல்ல புதுப் பாலம்! ஏகமனதாத் தீர்மானம்.”

“எப்போ?”

“எப்போவா? இன்னிக்கே. இப்பவே! முகெம்போ, மண்வெட்டியை எடு!”

முகெம்போ கடையை அப்படியே விட்டுவிட்டு ஓடினான். மனைவியின் கண்ணெதிரில் நிற்பதைவிட மண் வெட்டுவது அவனுக்குச் சுகமாக இருந்தது.

‘சேர்மன் வீட்டில் தெரு முன்னேற்றக் கூட்டம்’ என்று பலிகோவா எழுதினார். நிம்மதியாக மூச்சு விட்டார். முடேசி இன்னும் அசையாமல் நிற்பதை அப்புறம்தான் பார்த்தார்.

“சேர்மன்,” என்றாள் அவள், மெதுவாக. “நான் இந்தக் கவுன்சில்ல யாரு?”

இகாகாவின் துண்டு தோளிலிருந்து நழுவியது.

“பெண்கள் பிரதிநிதி,” என்று அவளே சொன்னாள். “எனக்குச் சொல்லாம கூட்டமா? கவுன்சில்லயே இல்லாத தையல்காரியைக் கூப்பிடுவீங்க, சப்பாத்திக்காரனைக் கூப்பிடுவீங்க, என்னைக் கூப்பிட மாட்டீங்க! நான் இப்பவே வட்டார ஆபீசுக்குப் போறேன். அந்தக் கூட்டம் செல்லாது, அந்தத் தீர்மானம் செல்லாது, அந்தப் பாலமும் செல்லாது!”

“பாலத்தை விட்டுடு தாயே, அது இன்னும் கட்டலை!”

“பழசைப் பிடுங்கியாச்சு சேர்மன்!” என்று வாசலிலிருந்து முகெம்போ கத்தினான். பழைய பலகை இரண்டு துண்டாகக் கால்வாயில் மிதந்தது. புதுப் பலகை என்று ஒன்று எந்த ஊரிலும் இல்லை.

பலிகோவாவை முகெம்போவும் சேர்மனும் ஆளுக்கொரு கையைப் பிடித்துக் கால்வாய்க்கு அந்தப் பக்கம் தூக்கி வைத்தார்கள். அத்தனை பத்திரமாக அவரை யாரும் தூக்கியதில்லை. “மெதுவா, மெதுவா,” என்று நாமுகோசே குடை பிடித்துக்கொண்டு கூடவே வந்தாள். வெயில்கூட இல்லை.

பலாமரத்தடி நாற்காலியில் உட்கார்ந்து அவர் யோசித்தார். அவர் எடை பார்த்துப் பழகிய மனிதர். ஒரு தட்டில் பொய்களை வைத்தார். அவர் விசாரித்த ஒவ்வொருவரும் நேற்றைப் பற்றிப் பொய் சொன்னார்கள். இன்னொரு தட்டில் தயவுகளை வைத்தார். உப்புக் குறைந்த சப்பாத்தி, இலவச பேன்ட், விற்கப்பட்ட சேவல், பாலம். நேற்று நர்ஸ் வந்திருக்கிறாள். மனைவியின் கண் சிவந்திருக்கிறது. நிம்மதியாகத் தூங்குங்கள் என்கிறார்கள்.

முள் சரியாக நடுவில் வந்து நின்றது.

‘ஓகோ,’ என்று நினைத்துக்கொண்டார். ‘நான் சாகப் போகிறேன்.’

முதலில் கொஞ்சம் பயமாக இருந்தது. அப்புறம் கோபம் வந்தது. தன்னைப் பற்றிய ஒரு செய்தி, அதுவும் இவ்வளவு பெரியது, தன் டைரிக்கு வராமல் தெருவுக்குப் போயிருக்கிறதே!

“நங்கோபி, இங்கே வா. உக்காரு. எனக்குத் தெரிஞ்சுபோச்சு.”

நங்கோபி உட்காரவில்லை. முந்தித் துணியால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“யார் சொன்னது?”

“யாரும் சொல்லலை. நானே கண்டுபிடிச்சேன். முதல்ல யாருக்குத் தெரிஞ்சது?”

“எனக்குத்தான்,” என்றாள் அவள், அழுகையோடு. “போன தடவை உங்களுக்கு எந்த மருந்து கேட்டதுன்னு பார்க்கத்தான் ஆரம்பிச்சேன். அப்புறம் நிறுத்த முடியலை.”

“அதை யாராலயும் நிறுத்த முடியாது,” என்றார் பலிகோவா, பெருந்தன்மையாக. “தெருவுக்கும் தெரியுமா?”

“ஒவ்வொருத்தரா உங்களைப் பார்க்க வந்தாங்க. வந்தவங்க போகலை.”

“அழுதாங்களா?”

“ரொம்ப அழுதாங்க. நான்தான் அதிகம். எனக்கு எதுவுமே தெரியாம இத்தனை வருஷம் உங்ககூட இருந்துட்டேனே!” அவள் மூக்கைச் சிந்தினாள். “நடு நடுவுல சிரிச்சாங்க.”

“சிரிச்சாங்களா?”

“முகெம்போ தரையில உருண்டான்.”

பலிகோவா கைத்தடியை இறுகப் பிடித்துக்கொண்டார். சாகப் போகிறவன் பக்கத்தில் உருண்டு உருண்டு சிரிப்பவனுடைய சப்பாத்தியையா இத்தனை வருஷம் தின்றோம்!

“எவ்வளவு பாக்கி இருக்கு? மறைக்காம சொல்லு.”

“பெரும்பாலும் முடிஞ்சுபோச்சு. இன்னும் கொஞ்சந்தான்.” நங்கோபி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். “என்னை மன்னிச்சிடுங்க.”

“நீ என்ன பண்ணுவே, பாவம். போய் எல்லாரையும் கூப்பிடு.”

“எல்லாரையுமா?”

“முடேசியையும். எனக்கு நேரம் இல்லை. செவ்வாய்க்கிழமையை முடிக்காம நான் போக மாட்டேன்.”

வந்தார்கள். கால்வாயைத் தாண்டுவதில் சேர்மனின் ஒரு செருப்பு தண்ணீரில் போயிற்று. முடேசி வட்டார ஆபீசுக்குப் போக உடுத்தியிருந்த நல்ல உடையோடு வந்து, கணவனுக்கு நேர் எதிரில், அவன் தப்ப முடியாத இடமாகப் பார்த்து நின்றாள். நாமுகோசே தூணின் பின்னால் பாதி மறைந்தாள். பலிகோவா டைரியை மடியில் விரித்து வைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தார்.

“எல்லாம் எனக்குத் தெரியும்.”

மூன்று தலைகள் ஒரே சமயத்தில் குனிந்தன. முடேசியின் தலை மட்டும் நிமிர்ந்தே இருந்தது.

“தெருவுக்கே தெரிஞ்ச விஷயத்தை எங்கிட்ட மட்டும் மறைச்சீங்க. எனக்கு வருத்தம்தான். ஆனா கோபமில்லை. இது எல்லாருக்கும் ஒரு நாள் வர்றதுதான்.”

“எல்லாருக்குமா முஸே?” முகெம்போ பதறிப்போய்க் கேட்டான்.

“உனக்கும்தான்.”

“எங்கிட்ட அப்படி ஒண்ணும் இல்லையே!”

“எல்லார்கிட்டயும் இருக்கு. அது உள்ளேயே உக்காந்திருக்கும், சமயம் பார்த்து வெளியே வரும்.” பலிகோவா அவனைக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். “நீ சிரிச்சியாமே.”

“அது வந்து... அந்த வாத்து...”

நாமுகோசே அவன் காலை ஓங்கி மிதித்தாள்.

“அட, என்னதான் விஷயம்?” என்று முடேசி குறுக்கிட்டாள். “யாராவது எனக்குச் சொல்லுங்களேன்.”

“நான் சாகப் போறேன் முடேசி,” என்றார் பலிகோவா, மழை வரப்போகிறது என்பதுபோல.

முடேசி வாயைப் பிளந்தாள். அடுத்த நொடி, கணவன், தையல்காரி, செல்லாத தீர்மானம் எல்லாம் மறந்து, வாசலே அதிரும்படி ஓலமிட்டாள். அவள் அழுததைப் பார்த்து நங்கோபி அழுதாள். நங்கோபியைப் பார்த்து, உண்மை தெரிந்த மற்றவர்களும், ஒருவேளை தங்களுக்குத் தெரியாமல் ஏதோ இருக்கிறதோ என்று மிரண்டுபோய் அழத் தொடங்கினார்கள். சேர்மன் துண்டைத் தேடினார்.

“நிறுத்துங்க!” பலிகோவா கைத்தடியைத் தரையில் தட்டினார். “அழுகைக்கெல்லாம் அப்புறம் நேரம் இருக்கு. எனக்கு ரெண்டே ரெண்டு விஷயம்தான். ஒண்ணு, எனக்கப்புறம் இதை யார் எழுதப் போறீங்க?”

வாத்து ஒன்று வாசலைக் கடந்து போயிற்று.

“பெரிசா ஒண்ணும் இல்லை. யார் வந்தாங்க, யார் போனாங்க, வானம் எப்படி, குழம்பு எப்படி. யாரும் படிக்கப் போறதில்லைதான், எனக்குத் தெரியும். ஆனா ஒரு நாள்னு ஒண்ணு வந்துட்டுப் போனா, வந்ததுன்னு ஒருத்தர் சொல்லணும் இல்லியா? இல்லேன்னா வராமலே போன மாதிரி ஆயிடும்.”

நாமுகோசே தூணில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். முகெம்போ இப்போது நிஜமாகவே அழுதான்.

“ரெண்டாவது, செவ்வாய்க்கிழமை. கமுலி பொய். துணி துவைச்சது பொய். கூட்டம் பொய். சேர்மன், உங்க முகத்துலயே எழுதியிருக்கு. நேத்து நீங்க எல்லாரும் என்ன பண்ணிட்டிருந்தீங்க? நிஜத்தைச் சொல்லுங்க. நிஜம் வர்ற வரைக்கும் இந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டேன். சாவு வந்தா அதுவும் வாசல்ல காத்திருக்கட்டும். பாலம் வேற இல்லை.”

பென்சில் காகிதத்தின் மேல் நின்றது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

அந்த நேரத்தில் தெருவில் சைக்கிள் மணி கேட்டது. சுகாதார நிலையத்து நர்ஸ் அபோலோட் சைக்கிளைச் சாத்திவிட்டு, வெள்ளை உடையை ஒரு கையால் தூக்கிக்கொண்டு ஒரே தாவலில் கால்வாயைத் தாண்டி வந்தாள். வடக்கே டேசோ பக்கத்துப் பெண். இந்தத் தெருவில் எதை மறைக்க வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

“என்ன முஸே, எழுந்து உக்காந்தாச்சா? கையைக் குடுங்க.”

நாடி பிடித்தாள். இமையை இழுத்துப் பார்த்தாள். நெற்றியில் கை வைத்தாள்.

“என்கிட்ட மறைக்க வேண்டாம், நர்ஸம்மா,” என்றார் பலிகோவா. “இன்னும் எத்தனை நாள்?”

“ரெண்டு நாள்.”

முடேசியின் ஓலம் மறுபடி கிளம்பியது.

“ரெண்டு நாள் மாத்திரை சாப்பிட்டாப் போதும்,” என்று முடித்தாள் நர்ஸ். “சாதாரண மலேரியா. காய்ச்சல் போயே போச்சு. எதுக்கு இந்தம்மா இப்படிக் கத்தறாங்க?”

பலிகோவா அவளை நம்பாமல் பார்த்தார். “அப்போ நான் சாகலையா?”

“நீங்களா? இந்த நாடியை வெச்சுக்கிட்டா? எங்களை எல்லாம் அனுப்பிட்டுத்தான் போவீங்க.”

“அப்போ,” பலிகோவா நிதானமாக வாசலைச் சுற்றிலும் பார்த்தார். குனிந்த தலைகள் மேலும் குனிந்தன. நங்கோபி மெல்லச் சமையல் குடிசைப் பக்கம் நகர்ந்தாள். “அப்போ நேத்து இவங்க எல்லாரும் எதுக்கு அழுதாங்க?”

நர்ஸ் அபோலோட் மாத்திரைகளை எண்ணிக் கொடுத்து, மருந்துப் பெட்டியை மூடினாள். பிறகு, கிளம்புவதற்குப் பதிலாக, சமையல் முக்காலியை இழுத்துப் பலாமர நிழலில் போட்டுச் சாவகாசமாக உட்கார்ந்து, செருப்பைக் கழற்றிக் காலை நீட்டிக்கொண்டாள்.

“சரி, அந்தத் தகரப் பெட்டியைக் கொண்டாங்க. நேத்து நான் கிளம்பினப்புறம் எந்த வருஷம் வரைக்கும் வாசிச்சீங்க?”